இலை விரிக்கும் குடை

வறட்சிக் காலத்தில் தண்ணீர்க் குறைவோடு வெயிலும் பயிருக்குப் பகையாகிறது. நீரைக் காக்க இலைத்துளைகள் மூடிக்கொள்வதால் கரியமில வாயு உள்ளே வருவது குறைகிறது. பச்சையமோ ஒளியை வாங்கிக்கொண்டே இருக்கிறது. செலவாகாமல் தேங்கும் அந்த ஆற்றல் செல்லைச் சிதைக்கும். அதை வெப்பமாக மாற்றி வெளியேற்ற உதவுவது கரோட்டினாய்டு வகையைச் சேர்ந்த ஸியாசாந்தின் என்ற மஞ்சள் நிறமி. துளைகளை மூடச் சொல்லும் அப்சிசிக் அமிலமும் அதே கரோட்டினாய்டு நிறமிகளிலிருந்துதான் உருவாகிறது. அந்த நிறமிகளை உண்டாக்க முடியாத சில மரபுத்திரிபு மக்காச்சோளங்களில் இந்த அமிலம் குன்றி, விதை கதிரிலேயே முளைத்துவிடுகிறது. ஆகவே நிறமியைப் பயிரின் தற்காப்பு என்றே கொள்ள வேண்டும்.

வெப்பமாய்ப் போகும் ஒளி விளைச்சலுக்கு நட்டம்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வெயில் தணிந்த பிறகும் இந்தக் காப்பு மெதுவாகவே விலகுகிறது. இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை விரைந்து விலகச் செய்தபோது, வழக்கமான வயலிலேயே புகையிலைச் செடியின் உலர் எடை சுமார் 15 விழுக்காடு கூடியதாக 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. குடை பிடிப்பதில் தவறில்லை, மடக்கத்தான் தாமதமாகிறது. வறட்சி தாங்கும் ரகம் தேடுவோர் வேரின் ஆழத்தோடு இலையின் நிறமியையும், அது வந்துபோகும் வேகத்தையும் சேர்த்தே அளக்க வேண்டும்.