முகாம் கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள்

புதன்கிழமை பிற்பகல் பள்ளி வாசலில் நம் கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன. திடலில் "செடியா" என்ற கவாத்துக் கட்டளை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதற்குள் நாம் இறங்கிப் போய் ஆசிரியரிடம் கெஞ்சுகிறோம்: "இன்றைக்கு மட்டும் சீக்கிரம் விட்டுவிடுங்கள் டீச்சர், ஐந்து மணிக்குக் கணக்கு டியூஷன்." காரின் பின்னிருக்கையிலேயே சீருடையை மாற்றிக்கொண்டு, பிரிக்பீல்ட்ஸ் நெரிசலில் பன்னைக் கடித்தபடி, பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போகிறான்.

அவன் கேடட் படையில் இருக்கிறான் என்று உறவினரிடம் பெருமையாகச் சொல்கிறோம். உண்மையில் இருக்கிறானா? பெயர்தான் இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பெண்ணில் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு உண்டு என்று கேள்விப்பட்டோம், சேர்த்தோம். சாரணர், கேடட் போலீஸ், கேடட் பொம்பா, கேடட் ரெமாஜா, செம்பிறைச் சங்கம், செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ் என்று பட்டியல் வந்தபோது பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டோமா? தீயணைப்புக் குழாயைப் பிடித்துப் பார்க்க ஆசைப்பட்ட பெண்ணை, "பின்னால் மருத்துவம் படிக்க உதவும்" என்று செம்பிறையில் தள்ளுகிறோம். செம்பிறை நல்ல இயக்கம்தான். ஆனால் ஆசை நம்முடையது, வெயிலில் நிற்பது அவள்.

பிறகு முகாம் கடிதம் வருகிறது. உலு லங்காட்டிலோ போர்ட்டிக்சனிலோ மூன்று நாள். சாப்பாட்டு மேசையில் அந்தக் கடிதம் கிடக்க, வீடே நீதிமன்றமாகிறது. மழைக்காலம், டிங்கி, அடுத்த வாரம் சோதனை என்று அப்பா அடுக்குகிறார். "பொம்பளப் பிள்ளை ராத்திரி வெளியில் தங்குவதா?" என்று பாட்டி கேட்கிறார். கடைசி நாள் வரை கையெழுத்து விழுவதில்லை. திங்கட்கிழமை தோழிகள் கூடாரம் அடித்த கதையைப் பேசும்போது நம் பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கிறாள்.

நம் பாட்டிமார் காலத்தில் இதே மண்ணில் நடந்தது நமக்கு மறந்துவிட்டதா? 1943இல் ஜானகி தேவர் 18 வயதில் இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார், அதன் துணைத் தளபதி ஆனார். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பனாக மேலவை உறுப்பினராக அமர்ந்தார். ராசம்மா பூபாலன் சேர்ந்தபோது அவருக்கு வயது 16. பிறகு அவரே கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியர். தோட்டப்புறங்களிலிருந்தும் எத்தனையோ தமிழ்ப் பெண்கள் போனார்கள். அவர்கள் போனது போருக்கு, பர்மாக் காட்டுக்கு. நாம் அனுப்பத் தயங்குவது ஆசிரியரோடு மூன்று நாள் ஆற்றங்கரையில் தங்க.

இன்னொரு வகை வீடும் இருக்கிறது. பையன் சொல் பேச்சு கேட்பதில்லை, "கேடட்டில் போட்டு வாட்டினால்தான் திருந்துவான்" என்று தண்டனையாக அனுப்பும் வீடு. கால் கொப்புளித்து வந்தவனை "ஆம்பளப் பிள்ளை அழலாமா?" என்று அதட்டும் வீடு. அணிவகுப்புப் போட்டியில் மாநில நிலைக்குப் போகவில்லையென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வீடு. பாடத்தில் வைத்த அழுத்தம் போதாதென்று கவாத்திலும் வைக்க வேண்டுமா?

எனக்கு அந்த முகாமில் முக்கியமாகத் தெரிவது மிகச் சிறிய காரியங்கள். மெஸ்டின்னில் சோறு வடிப்பது. கட்டிய முடிச்சு மழையில் அவிழ்ந்தால் எழுந்து மறுபடி கட்டுவது. வரைபடத்தையும் திசைகாட்டியையும் வைத்து வழி கண்டுபிடிப்பது, தவறினால் திரும்பி வருவது. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குள் கூச்சத்தோடு நுழைந்த பிள்ளை, மலாய்க்காரப் பையனோடும் சீனப் பையனோடும் ஒரே கூடாரத்தில் படுத்து எழுந்த பிறகு, மலாய் பேச அஞ்சுவதில்லை. எந்த டியூஷன் இதைத் தருகிறது? இன்னொன்றையும் வெளிப்படையாகவே பேசுவோம். குண்டர் கும்பல் பற்றிய பயம் நம் எல்லோருக்கும் உண்டு. "நீ எங்களில் ஒருவன்" என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று 14 வயதுப் பையன் ஏங்குகிறான். அதை அவனிடம் முதலில் சொல்பவர் யாராக இருக்க வேண்டும், கும்பலா, முகாம் தோழர்களா?

முகாம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தேசிய சேவைப் பயிற்சி. 2004இல் அது தொடங்கியபோது மூன்று மாதம். 2018இல் அது நின்றது, 2025இல் 45 நாள் பயிற்சியாக மீண்டும் வந்திருக்கிறது. அந்தப் பழைய முகாம்களில் பிள்ளைகள் இறந்ததும் உண்மை. அதனால் வந்த அச்சத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அச்சம் இருந்தால் கேள்வி கேட்போம்: எத்தனை ஆசிரியர்கள் வருகிறார்கள், தண்ணீரில் இறங்கும்போது உயிர்க்காப்பாளர் யார், பக்கத்தில் கிளினிக் எங்கே, பெண் பிள்ளைகளோடு தங்கும் ஆசிரியை யார், மூத்த மாணவர்கள் துன்புறுத்தினால் பிள்ளை யாரிடம் சொல்வது? பதில் சரியில்லையென்றால் அனுப்ப வேண்டாம். பதில் சரியாக இருந்தும் டியூஷனுக்காகத் தடுத்தால், அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்காதீர்கள்.

என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், நமக்குப் பிள்ளைகள் மீது பாசம் குறைவில்லை. பாசத்தால்தான் பையை நாமே அடுக்குகிறோம், காலுறையை நாமே சுருட்டி வைக்கிறோம், மூன்று நாளைக்கு முப்பது பாக்கெட் பிஸ்கட் திணிக்கிறோம். அடுத்த முறை அந்தக் கடிதம் வந்தால் அன்றிரவே கையெழுத்துப் போடுங்கள். பையை அவர்களே அடுக்கட்டும். எதையாவது மறந்துவிட்டுப் போனால், பின்னாலேயே காரை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.