புற்றுநோய்க் கணக்கில் சேரி எங்கே?

மாட்டுக்கறி தின்கிறவர்களுக்குக் குடலில் புற்றுநோய் வரும் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் ஆண்டுக்கு இரண்டு முறையாவது சுற்றி வருகிறது. பெரும்பாலும் பக்ரீத்தை ஒட்டி வரும். இல்லையென்றால் ஏதாவது கல்லூரியில் மாட்டுக்கறி விருந்து நடந்த மறுநாள் வரும். அனுப்புகிறவர்களுக்கு நம் உடல்நலத்தின் மீது அப்படியொரு அக்கறை. இந்த முறை அதை எனக்கு அனுப்பியவர் நீண்ட நாள் பழக்கமுள்ள ஓர் ஆசிரியர். அவருக்குப் பதில் எழுதத்தான் புள்ளிவிவரங்களைத் தேடினேன். தேடத் தேட, விஷயம் கறியைத் தாண்டிப் போய்விட்டது.

முதலில் கறிக் கணக்கை முடித்துவிடுவோம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் ஓர் அறிவிப்பு வெளியிட்டது உண்மை. பதப்படுத்திய இறைச்சி, அதாவது சாசேஜ், பேக்கன் போன்றவை புற்றுநோயை உண்டாக்கும் என்றது. சிவப்பு இறைச்சி ‘உண்டாக்கக்கூடும்’ என்றது. இந்தச் சிவப்பு இறைச்சிப் பட்டியலில் மாடு மட்டுமில்லை. ஆடும் இருக்கிறது, பன்றியும் இருக்கிறது. ஆனால் கல்யாண மண்டபத்து மட்டன் பிரியாணியைப் பற்றி எந்த வாட்ஸ்அப் செய்தியும் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி தின்றால் ஆபத்து 18 சதவீதம் கூடும் என்பது அந்த முகமையின் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை கால் கிலோ வாங்கி ஆறு பேர் பங்கு போட்டுக்கொள்ளும் வீட்டுக்கு அந்தக் கணக்கை எப்படிப் பொருத்துவது?

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் உலகில் அதிகம் பேருக்கு வரும் புற்றுநோய்களில் மூன்றாவது. உயிரைப் பறிப்பதில் இரண்டாவது. 2022-ல் சுமார் 19 லட்சம் பேருக்குப் புதிதாக வந்தது. 9 லட்சம் பேர் இறந்தார்கள். எல்லா மக்களுக்கும் இது ஒரே அளவில் வருவதில்லை. டென்மார்க், ஹங்கேரி போன்ற நாடுகளில், வயது வித்தியாசத்தைச் சரிசெய்து பார்த்தால், லட்சம் பேருக்கு 40-க்கும் மேல். இந்தியாவில் ஐந்தைச் சுற்றித்தான். இரத்தம்தான் இதற்குக் காரணமா? ஜப்பானில் ஒரு காலத்தில் இந்த நோய் குறைவு. அங்கிருந்து ஹவாய்த் தீவுகளுக்குக் குடியேறியவர்களுக்கு ஓரிரு தலைமுறைக்குள்ளேயே வெள்ளையர் அளவுக்கு அது ஏறிவிட்டது. இரத்தம் அதேதான், மாறியது வாழ்க்கை.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்துக் கறுப்பின மக்கள் 20 பேர், தென்னாப்பிரிக்கக் கிராமத்து மக்கள் 20 பேர். இரண்டே வாரத்துக்குச் சாப்பாட்டை மாற்றிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு நார்ச்சத்து நிறைந்த ஆப்பிரிக்கச் சாப்பாடு, இவர்களுக்குக் கொழுப்பு மிகுந்த அமெரிக்கச் சாப்பாடு. அந்த இரண்டு வாரத்திலேயே புற்றுநோய் ஆபத்தைக் காட்டும் குடல் அறிகுறிகள் இடம் மாறின. 2015-ல் வெளிவந்த ஆய்வு இது. நம் ஆட்கள் கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும் குடித்தபோது அது ‘பறச்சாப்பாடு’ என்று இளக்காரமாகப் பேசப்பட்டது. இப்போது அதே கம்பு பாலித்தீன் பையில் ‘பாரம்பரிய உணவு’ என்று வருகிறது. நாம் வாங்க முடியாத விலையில்தான்.

நான் சொல்ல வந்தது அமெரிக்கக் கறுப்பின மக்களின் கதையை. அங்கே வெள்ளையரைவிடக் கறுப்பின மக்களுக்கு இந்தப் புற்றுநோய் ஏறத்தாழ 20 சதவீதம் அதிகமாக வருகிறது. அதில் சாகிறவர்கள் ஏறத்தாழ 40 சதவீதம் அதிகம். இது அவர்களுடைய உடம்பின் இயல்பு என்று சொல்லிவிடலாம், சொன்னவர்களும் உண்டு. ஆனால் 1989-க்கு முன்பு இந்தப் புற்றுநோய் கறுப்பின ஆண்களைவிட வெள்ளை ஆண்களுக்குத்தான் அதிகம் வந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் கணக்கு தலைகீழானது. இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் குடலில் ஒரு சின்ன சதை வளர்ச்சியாகத் தொடங்கிப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டு வளர்வது. குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபியில் அதைக் கண்டுபிடித்து அங்கேயே வெட்டி எடுத்துவிடலாம். அந்தப் பரிசோதனை பரவியபோது வெள்ளையருக்கு முதலில் போனது. அவர்களுடைய எண்ணிக்கை இறங்கியது. கறுப்பின மக்கள் வரிசையின் கடைசியில் நின்றார்கள்.

‘பிளாக் பேந்தர்’ படத்தின் கதாநாயகன் சாட்விக் போஸ்மேன் 2020-ல் பெருங்குடல் புற்றுநோயில் இறந்தபோது வயது 43. அமெரிக்க அரசின் பரிந்துரைக் குழு அப்போது 50 வயதில்தான் பரிசோதனையைத் தொடங்கச் சொல்லியிருந்தது. மறு ஆண்டு அதை 45 ஆகக் குறைத்தார்கள்.

டெலவேர் என்று ஒரு சின்ன மாநிலம். மக்கள்தொகை ஏறத்தாழ பத்து லட்சம். அங்கே 2002 வாக்கில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். காப்பீடு இல்லாதவர்களுக்குப் பரிசோதனையும் சிகிச்சையும் மாநிலத்தின் செலவு. ஆளைக் கூப்பிட்டு, நாள் குறித்து, பரிசோதனை முடியும்வரை கூடவே இருந்து வழிகாட்ட செவிலியர்கள். கறுப்பின மக்களிடம் தனிக் கவனத்தோடு போனார்கள். 2001-ல் கறுப்பின மக்களில் 48 சதவீதம் பேர்தான் பரிசோதனை செய்திருந்தார்கள். 2009-ல் 74 சதவீதம். வெள்ளையருக்கும் அதே 74. கறுப்பின மக்களிடையே இந்தப் புற்றுநோய்ச் சாவு 42 சதவீதம் குறைந்தது. நோய் வரும் விகிதத்தில் இருந்த இடைவெளி கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. எட்டே ஆண்டுகளில்!

இதை அவர்களால் எப்படிச் செய்ய முடிந்தது? யார் கறுப்பினத்தவர், யார் வெள்ளையர் என்று புற்றுநோய்ப் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தார்கள். இடைவெளி கண்ணுக்குத் தெரிந்தது. தெரிந்ததால் வெட்கப்பட வேண்டியிருந்தது.

இப்போது நம் பக்கம் வருவோம். பம்பாயில் 1960-களிலேயே புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கியாகிவிட்டது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி என்று பிரித்துக் கணக்குப் போட்டார்கள். பார்சிப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் அதிகம் என்று அப்படித்தான் தெரிந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியத் திட்டம் 1980-களின் தொடக்கத்தில் வந்தது. சென்னைப் பதிவேடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் அன்றிலிருந்து நடக்கிறது. இன்று தமிழ்நாடு முழுமைக்கும் பதிவுத் திட்டம் இருக்கிறது. மாவட்ட வாரியாக, வயது வாரியாக, ஆண் பெண் வாரியாக, உறுப்பு வாரியாக அறிக்கைகள் வருகின்றன. சாதி வாரியாக மட்டும் வருவதில்லை. பள்ளியில் சேர, விடுதியில் சேர, கடன் வாங்க, வேலைக்குப் போக என்று எல்லா இடத்திலும் நம்மிடம் சாதிச் சான்றிதழ் கேட்கிற நாடு இது. நாம் எந்த நோயில், எந்த வயதில், எந்தக் கட்டத்தில் வந்து சாகிறோம் என்று மட்டும் கேட்காது.

பழங்குடிகள் நிலை கொஞ்சம் வேறு. 2020-ல் வெளியான தேசிய அறிக்கையில் நாட்டிலேயே ஆண்களுக்குப் புற்றுநோய் விகிதம் மிக அதிகம் மிசோரத்தின் ஐசால் மாவட்டத்தில். பெண்களுக்கு அருணாசலத்தின் பாபும்பாரே மாவட்டத்தில். பழங்குடிகள் தனி மாவட்டங்களில் சேர்ந்து வாழ்வதால் அது வெளியே தெரிகிறது. உலகிலேயே குடல் புற்றுநோய் மிக அதிகமாக உள்ள மக்கள் அலாஸ்காவின் பூர்வகுடிகள் என்பதும் அவர்களுக்கென்று தனிப் பதிவேடு இருப்பதால்தான் தெரிந்தது. தலித்துகளுக்குத் தனி மாவட்டம் கிடையாது. எல்லா ஊரிலும் ஒரு சேரி இருக்கிறது. ஊரோடு நம்மைச் சேர்க்காதவர்கள், கணக்கில் மட்டும் ஊரோடு சேர்த்து சராசரி போட்டுவிடுகிறார்கள். ‘இந்தியாவில் லட்சத்துக்கு ஐந்துதான்’ என்கிற அந்தச் சராசரிக்குள் சேரியின் எண் என்ன? யாராலும் சொல்ல முடியாது.

நமக்கு இந்த நோய் அதிகம் வருகிறது என்று நான் சொல்லவில்லை. குறைவாகவே இருக்கலாம். வந்தால் என்ன ஆகிறது என்பதுதான் என் கவலை. ஆயுள் பற்றி ஓர் ஆய்வு 2022-ல் வந்தது. வடக்கு, கிழக்குப் பகுதிகளின் ஒன்பது மாநிலங்களில், உயர்சாதி இந்துக்களைவிடத் தலித்துகளின் ஆயுள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் குறைவு; ஆதிவாசிகளுக்கு நான்கு ஆண்டுகளுக்கு மேல் குறைவு. வறுமையை மட்டும் காரணம் காட்டினால் இந்த வித்தியாசத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் விளக்க முடிகிறது. மீதி எங்கிருந்து வருகிறது?

குடல் புற்றுநோயை வைத்தே பார்க்கலாம். இதன் முக்கிய அறிகுறி மலத்தில் இரத்தம். அதைப் பார்க்க முதலில் வெளிச்சமுள்ள கழிப்பறை வேண்டும். விடியுமுன் இருட்டில் ஒதுங்கிவிட்டு வரும் பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? தெரிந்தாலும் யாரிடம் சொல்வாள்? ஆண்கள் நேராக மூலம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். பேருந்து நிலையத்துக் கழிப்பறைச் சுவரெங்கும் ‘மூலம், பவுத்திரம்’ விளம்பரம்தான். எங்கள் பகுதியில் ஒரு தூய்மைப் பணியாளர் ஒன்றரை ஆண்டு மூலத்துக்கு மருந்து சாப்பிட்டார். ஒப்பந்த வேலை, ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போய்விடும். பெரிய மருத்துவமனைக்குப் போனபோது நோய் கல்லீரலுக்குப் பரவியிருந்தது. வயது நாற்பத்தாறு. இது விதிவிலக்கான வயதும் இல்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 800 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில் சராசரி வயது 47தான். அவர்களில் கணிசமானவர்களுக்கு மலக்குடலில்தான் நோய்.

இந்தக் கடைசி விவரம் முக்கியமானது. மலக்குடலின் கீழ்ப் பகுதியில் இருக்கும் கட்டியைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. மருத்துவர் கையுறை போட்டு ஒரு விரலை விட்டுப் பார்த்தால் பல நேரம் தட்டுப்பட்டுவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு நிமிட வேலை. அந்தப் பணியாளரை ஒன்றரை ஆண்டில் யாரும் அப்படிப் பார்க்கவில்லை.

ஏன் பார்க்கவில்லை என்பதற்குக் கூட்டம், நேரமின்மை என்று பல காரணம் சொல்வார்கள். ஒரு காரணத்தை யாரும் சொல்ல மாட்டார்கள். 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடந்த தீண்டாமை ஆய்வு 2006-ல் நூலாக வந்தது. மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீட்டுக்குள் வர மறுக்கிறார்கள் என்று அது சொன்னது. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளுக்குக் கிடைக்கும் மருத்துவத்தைச் சங்கமித்ரா ஆச்சார்யா ஆராய்ந்தார். தொடுவதில்தான் பாகுபாடு அதிகம் என்று அதில் தெரிந்தது. குழந்தையின் நாடியைப் பிடிக்கவே தயங்குகிற கை, ஒரு துப்புரவுத் தொழிலாளியின் ஆசனவாயைச் சோதிக்க நீளுமா? எல்லா மருத்துவரையும் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் பலரே இன்று மருத்துவர்களாக இருக்கிறார்கள். ஆனாலும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட முடியாது.

மருத்துவமனையில் சாதி கேட்டால் பாகுபாடு இன்னும் கூடாதா என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான பயம். கணக்கெடுப்பதே நீதி ஆகிவிடாது. அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களின் சிஃபிலிஸ் நோயைச் சிகிச்சை தராமல் கணக்கெடுத்துக்கொண்டே இருந்தார்கள். அதனால் சிகிச்சை தருகிற மருத்துவரின் சீட்டில் சாதி வேண்டாம் என்றே நானும் சொல்கிறேன். பதிவேட்டின் ஊழியர் தனியாக, நோயாளி விரும்பினால் மட்டும், பட்டியல் சாதி, பழங்குடி, பிற்பட்டோர், மற்றவர் என்ற நான்கே கட்டத்தில் கேட்கட்டும். தேசியக் குடும்பநல ஆய்வில் வீடு வீடாக இதைக் கேட்டுத்தான் அறிக்கை போடுகிறார்கள். அரசுக்குக் கேட்கத் தெரியாமல் இல்லை.

விகிதம் போட இரண்டு எண் வேண்டும்: நோயாளிகள் எத்தனை, மொத்த மக்கள் எத்தனை. பட்டியல் சாதியினரின் மக்கள்தொகை ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் இருக்கிறது. 2011-ல் தமிழகத்தில் 20 சதவீதம். மேலே போட வேண்டிய எண் மட்டும்தான் இல்லை. அடுத்த கணக்கெடுப்பில் எல்லாச் சாதியையும் எண்ணப் போவதாக ஒன்றிய அரசு 2025-ல் அறிவித்த பிறகு, இதைத் தள்ளிப்போடச் சாக்கு எதுவும் மிச்சமில்லை.

2016-ல் வந்த தேசியப் பரிசோதனை வழிகாட்டுதலில் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் மூன்றும் இருக்கின்றன, குடல் இல்லை. நோய் குறைவாக உள்ள நாட்டில் எல்லோருக்கும் கொலோனோஸ்கோபி கேட்பது நடக்காது, நான் அதைக் கேட்கவும் இல்லை. மூன்று வாரத்துக்கு மேல் மலத்தில் இரத்தம் போகிறவரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கையுறை போட்டுச் சோதித்து, சந்தேகமிருந்தால் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குத் தேதி வாங்கிக் கொடுத்து அனுப்ப வேண்டும். அன்றைய கூலியை இழக்காதபடி ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களுக்கு அந்த நாள் விடுப்பு ஊதியத்தோடு வேண்டும். வரும் அக்டோபர் 2 கிராம சபையில் இந்த இரண்டையும் தீர்மானமாகக் கொண்டுவர நம் மாவட்டத்தில் சில ஊராட்சிகளில் தோழர்கள் மனு எழுதியிருக்கிறார்கள். ஆசிரியருக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன்.