மூன்று அளவு போதுமா?

ஒரு தகப்பனார் தம் குமாரர்கள் இருவருக்கும் ஆளுக்கொரு முக்கோண நிலத்தை எழுதி வைப்பதாகக் கொள்வோம். "ஒரு பக்கம் 80 கஜம்; அதன் ஒரு முனையில் கோணம் 60 டிகிரி; அக்கோணத்துக்கு எதிர்ப்பக்கம் 70 கஜம்" என்று இருவர் பத்திரத்திலும் ஒரே வாசகம். மூன்று அளவுகளும் ஒத்திருக்கையில் நிலங்களில் வித்தியாசம் ஏது என்றுதான் நாம் நினைப்போம்.

ஆனால், மூத்தவருடைய மூன்றாவது பக்கம் 50 கஜமாகவும் இளையவருடையது 30 கஜமாகவும் இருக்கக்கூடும்! இரண்டும் பத்திரத்துக்குப் பொருந்தும். பரப்பிலோ ஒருவருக்கு ஐந்து பங்கு, மற்றவருக்கு மூன்று பங்கு.

இது எப்படி என்று கேட்கலாம். 80 கஜப் பக்கத்தின் மறுமுனையில் 70 கஜக் கயிறு ஒன்றைக் கட்டிச் சுழற்றினால், அது மூன்றாவது பக்கத்தின் கோட்டை ஓரிடத்தில் அல்ல, இரண்டிடங்களில் தொடுகிறது. சங்கடம் அங்கேதான்.

ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால் முற்றும் பொருந்துகிற உருவங்களையே சர்வசமம் என்கிறோம். காகிதத்தைக் கத்தரித்து வைத்துப் பார்க்கலாம். நிலத்தைப் பெயர்த்து வைக்க முடியுமா? ஆகையால்தான் விதிகள் வேண்டியிருக்கின்றன. கி.மு. 300-ஐ ஒட்டி வாழ்ந்த யூக்ளிட் அவற்றைத் தொகுத்துத் தந்தார். மூன்று பக்கங்கள் சமமானால் போதும். இரு பக்கங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட கோணமும் சமமானால் போதும். இரு கோணங்களும் ஒத்த ஒரு பக்கமும் சமமானாலும் போதும். மூன்று கோணங்கள் மட்டும் சமமாயிருந்தால் வடிவம் ஒன்றாகும்; அளவு ஒன்றாகாது. நிலத்துக்கும் அதன் வரைபடத்துக்கும் உள்ள உறவு அதுதான்.

யூக்ளிட் தமது இடைக்கோண விதியை, ஒரு முக்கோணத்தைத் தூக்கி மற்றொன்றின்மேல் வைத்தே நிரூபித்தார். உருவத்தை அப்படி நகர்த்தலாம் என்பதற்கு ஆதாரம் என்ன என்று பின்வந்தோர் கேட்டனர். 1899-ல் ஜெர்மானியக் கணித மேதை ஹில்பர்ட், அவ்விதியின் சாரத்தை நிரூபணம் வேண்டாத அடிப்படைகளுள் ஒன்றாகவே வைத்துவிட்டார். பள்ளிப் பிள்ளை "இதை ஏன் நம்ப வேண்டும்?" என்று கேட்டால் நாம் அதட்ட வேண்டியதில்லை, பெரியவர்களும் கேட்ட கேள்விதான் அது.

நம் தகப்பனார் மூன்று பக்கங்களையும் பத்திரத்தில் குறித்திருந்தால் வழக்கே எழுந்திராது. வக்கீல்களுக்குத்தான் நஷ்டம்!