ஐந்து நான்கானதற்கு அழுகிறோம், பறிபோன வாக்குக்கு அழவில்லை

கொஞ்சம் நீளமான பதிவு. கோபம் வந்தாலும் கடைசி வரை வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல் முடிந்த நாளிலிருந்து ஹட்டன் பஸ் தரிப்பிடத்திலும் எங்கள் ஆசிரியர் ஓய்வறையிலும் ஒரே புலம்பல்தான்: "நுவரெலியா மாவட்டத்தில் நம்மவர் ஐந்து பேர் இருந்தார்கள். இப்போது நான்கு. சமூகம் பலவீனமாகிவிட்டது."

கணக்கு சரிதான். 2020இல் எட்டு ஆசனங்களில் ஐந்து மலையகத் தமிழருக்குக் கிடைத்தன. 2024இல் தேசிய மக்கள் சக்திக்கு ஐந்து, ஐக்கிய மக்கள் சக்திக்கு இரண்டு, ஐக்கிய தேசியக் கட்சிக்கு ஒன்று. எட்டுப் பேரில் மலையகத் தமிழர் நால்வர். கணக்கு சரி, கேட்கிற கேள்விதான் பிழை. நம்மவர் எத்தனை பேர் என்று கேட்கிறோம். நம் வாக்குக்குப் பயப்படுகிறவர் எத்தனை பேர் என்று ஒருவரும் கேட்பதில்லை.

"சேர், இது தோட்டத்து மக்கள் விஷயம், முஸ்லிம்கள் உங்களுக்கு என்ன?" என்று கேட்பவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம். 1949இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தின் பெயரே "இந்திய, பாகிஸ்தானிய வதிவோர்" சட்டம். கொழுந்து பறித்தவரும் பஜாரில் கடை வைத்திருந்த இந்திய முஸ்லிமும் அந்த ஒரே வாசலில்தான் நின்றார்கள். இலங்கை இந்தியன் காங்கிரஸின் முன்னணித் தலைவராக இருந்து, பிறகு ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை நடத்திய அப்துல் அஸீஸ் அவர்களை நாமே மறந்துவிட்டோம். இது நம் எல்லோருடைய கதை.

1947க்குப் போவோம். அந்தத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. நுவரெலியாவில் எஸ். தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தா, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம், பதுளையில் எஸ். எம். சுப்பையா, அலுத்நுவரவில் டி. இராமானுஜம். இவர்களில் ஒருவரும் அமைச்சர் இல்லை. வாக்களித்தவர்களில் பெரும்பாலானோர் எழுதப் படிக்கத் தெரியாத லயன் மக்கள். ஆனால் அந்த வாக்கைக் கண்டு ஓர் அரசாங்கம் பயந்தது. ஏழு ஆசனம் மட்டுமல்ல, வேறு தொகுதிகளில் தோட்டத்து வாக்கு இடதுசாரிகள் பக்கம் போனதும் அந்தப் பயத்துக்குக் காரணம்.

பயந்தவர்கள் என்ன செய்தார்கள்? 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அது எந்தச் சமூகத்தையும் பெயர் சொல்லித் தள்ளவில்லை. தகப்பன், இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இந்த மண்ணில் பிறந்ததற்கு அத்தாட்சி காட்டு என்றது. லயன் காம்பறாவில் பிறந்த பாட்டனுக்கு அத்தாட்சிக்கு எங்கே போவது? 1896இல் தென்னாபிரிக்காவின் நேட்டாலில் இந்தியர்களின் வாக்குரிமையைப் பறித்த சட்டத்திலும் இந்தியர் என்ற சொல் இல்லை. பாராளுமன்றத் தேர்தல் முறை இல்லாத நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு வாக்கில்லை என்றுதான் எழுதினார்கள். பெயர் சொல்லாமல் பறிப்பது பழைய வித்தை.

அடுத்து 1949இன் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம். பிரஜை அல்லாதவரின் பெயர் வாக்காளர் இடாப்பிலிருந்து போனது. 1952 தேர்தலில் காங்கிரஸுக்கு ஓர் ஆசனமும் இல்லை. அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. தொகுதிகள் சனத்தொகையை வைத்துப் பிரிக்கப்பட்டவை. தோட்டத்து மக்களின் தலையை எண்ணித்தான் மலைநாட்டுக்கு அத்தனை ஆசனங்கள் கிடைத்தன. அந்த ஆசனங்களுக்கு ஆள் தெரிவு செய்ய மட்டும் அவர்களுக்கு உரிமை இல்லை.

1949 சட்டத்தின் கீழ் சுமார் எட்டே கால் இலட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் நாடற்ற 975,000 பேரைப் பங்கு பிரித்தார்கள்: 525,000 இந்தியாவுக்கு, 300,000 இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். நியமன உறுப்பினர்கள் இருந்தார்கள். ஆனால் 1952 முதல் 1977 வரை இந்த மக்களின் பிரதிநிதியாகத் தேர்தலில் வென்று ஒருவரும் பாராளுமன்றம் போகவில்லை. 1977இல் மூன்று அங்கத்தவர்களைக் கொண்ட நுவரெலியா – மஸ்கெலியா தொகுதியில் காமினி திசாநாயக்க, அநுர பண்டாரநாயக்க ஆகியோருக்கு அடுத்து மூன்றாவதாக வென்றார் தொண்டமான் ஐயா. 1986, 1988, 2003 ஆண்டுச் சட்டங்களோடுதான் நாடற்றவர் பிரச்சினை ஒருவாறு முடிந்தது. ஐயாவின் பங்கு அதில் பெரியது. அதை மறுப்பவர் நன்றி கெட்டவர்.

ஆனால் நன்றி வேறு, வாக்கு வேறு. நன்றிக்கடனுக்கு வாக்குப் போட்டுப் போட்டு நாம் கண்டது என்ன? 1978இலிருந்து பெரும்பாலான அமைச்சரவைகளில் நம்மவர் இருந்தார். 1987இன் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்கத் தடையாக நின்றது. பிரதேச சபைக்கு வாக்குப் போடலாம், அந்தச் சபை நம் லயனுக்குப் போகும் பாதையைத் திருத்த முடியாது! அதைத் திருத்தியது 2018இல். 31 வருடம். ஆசனமும் அமைச்சும் இருந்தும் 31 வருடம்.

சம்பளமும் அப்படித்தான். 2024 மே தினத்தில் கொட்டகலை மேடையில் ஜனாதிபதி 1,700 ரூபாய் என்றார். கைதட்டினோம். வழக்கு, இழுபறி எல்லாம் தாண்டி செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயில் வந்து நின்றது. சந்தா வாங்கும் சங்கம், சம்பளம் பேசும் சங்கம், வாக்குக் கேட்கும் கட்சி, அமைச்சரவையில் உட்காரும் ஆள் எல்லாம் ஒன்றாக இருந்தால் யார் யாரிடம் கணக்குக் கேட்பது?

இப்போது பெரிய இழப்புக்கு வருவோம். மத்திய மாகாண சபைக்கு நாம் கடைசியாக வாக்களித்தது 2013 செப்டெம்பரில். 2018இல் சபையின் காலம் முடிந்தது. 2017இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தினார்கள். எல்லை நிர்ணய அறிக்கையை 2018இல் பாராளுமன்றமே நிராகரித்தது. இதை எழுதும் நாள் வரை தேர்தல் இல்லை. நம் பிள்ளைகள் படிக்கும் பெரும்பாலான பாடசாலைகள் மாகாணத்தின் கீழ்தான் இருக்கின்றன. கணித ஆசிரியர் இல்லை, விஞ்ஞான ஆசிரியர் இல்லை என்றால் கேட்பதற்கு நாம் தெரிவு செய்த ஒரு மாகாண சபை உறுப்பினரும் இல்லை. 1952இல் வாக்குப் போனபோது நம் மூத்தவர்கள் கொழும்பில் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். இந்த வாக்குப் போனதற்கு நாம் ஒரு துண்டுப்பிரசுரம்கூட அடிக்கவில்லை. ஐந்து நான்கானதற்கு அழுகிற நாம், இதற்கு ஏன் அழவில்லை?

உயர்தர வகுப்பில் ஒருநாள் கேட்டோம், "பதினெட்டு முடிந்தவர்கள் இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?" பலர் விழித்தார்கள். ஒரு பிள்ளை எழுந்து, "அதெல்லாம் தோட்டத் தலைவர் பார்த்துக்கொள்வார் சேர்" என்றது. அன்று இரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. பாட்டனின் பெயரை இடாப்பிலிருந்து வெட்ட ஒரு சட்டம் தேவைப்பட்டது. பேரனின் பெயர் விடுபட நம் அலட்சியம் போதும்.

இந்த மாவட்டத்தில் முஸ்லிம்கள் நாங்கள் சிறு தொகை. எங்கள் பெயரில் தனியாக ஓர் எம்.பி.யை அனுப்பும் பலம் எங்களுக்கில்லை. அதனால் எங்களுக்கு ஒன்று தெரியும்: "நம்மவர்" இல்லாவிட்டாலும் எம்.பி. எம்.பி.தான். விகிதாசார முறையில் எட்டுப் பேரும் முழு மாவட்டத்துக்கும் உரியவர்கள். எட்டுப் பேரிடமும் கேட்போம். ஆளும் கட்சியின் ஐவரிடம் இன்னும் உரக்கக் கேட்போம். மலையகத் தமிழ்ப் பெண்கள் முதன்முதலாகப் பாராளுமன்றம் போயிருக்கிறார்கள், அதில் ஒருவர் நம் மாவட்டத்தவர் என்பதில் பெருமைதான். பெருமைப்படுவதற்காக அவரிடம் கேட்காமல் இருக்க முடியாது.

கேட்க வேண்டியது மூன்று. மாகாண சபைத் தேர்தல் எப்போது? லயனில் இருப்பவருக்குச் சொந்தப் பெயரில் காணி உறுதி எப்போது? தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர் வெற்றிடங்கள் எப்போது நிரம்பும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். தகரத்துக்கும் சிமெந்துக்கும் கை நீட்டினால் இந்த மூன்றையும் கேட்கிற வாய் அடைத்துப்போகும்.

அதற்கு முன் ஒரு வேலை. இந்த வாரமே கிராம உத்தியோகத்தரிடம் போய், கொழும்பில் கடையில் வேலை செய்யும் தம்பி, தங்கச்சியின் பெயரும் சேர்த்து, வீட்டிலுள்ள அத்தனை பேரின் பெயரும் இடாப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். தலைவர் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள். நம் மூத்தவர்களுக்கு அந்த இடாப்பில் ஒரு வரி கிடைக்க நாற்பது ஐம்பது வருடம் பிடித்தது.

உடன்பாடில்லாதவர்கள் கீழே எழுதுங்கள். திட்டுவதென்றாலும் திட்டுங்கள். பெயரைப் பார்த்துவிட்டு வந்து திட்டுங்கள்.