இடைவெளிக்கு எத்தனை சதவீதம்?

2025 செப்டம்பர் 22 முதல் பல் மருத்துவக் கருவிகளுக்கான ஜி.எஸ்.டி. 5 சதவீதமாக இறங்கியது. சப்ளையர் பில்லைப் பார்த்தால் மனசு குளிர்கிறது, நன்றி. அதே கையோடு பியூட்டி பார்லர், சலூன் சேவைகளும் 5-க்கு வந்தன. தொடாமல் விட்டது, 2017 ஜூன் 28-ஆம் தேதியிட்ட 12/2017 அறிவிக்கையில் மருத்துவச் சேவைக்குத் தந்த விளக்கத்தை.

நோய், காயம், உறுப்புக் குறை, இயல்புப் பிறழ்வு இவற்றுக்கான சிகிச்சைக்கு வரிவிலக்கு. அழகு அறுவைக்கு இல்லை. பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, காயம் இவற்றால் கெட்டதைச் சீராக்கினால் மட்டும் உண்டு. பெக் லேட்டரலும், பைக்கில் விழுந்த எல்லிஸ் கிளாஸ் 2-ம் தப்பித்துக்கொள்ளும். டயாஸ்டெமா?

சென்ற மாதம் தலத்தெருவில் என் நாற்காலியில் ஒரு பெண். பிரான்ஸிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வரப் பத்து நாள் இருந்தது. 11-க்கும் 21-க்கும் நடுவே ஒன்றரை மில்லிமீட்டர். “அதிர்ஷ்டப் பல்லுன்னு விட்டுட்டோம் டாக்டர்” என்றார் அம்மா. ரப்பர் டேம், 37 சதவீத பாஸ்பாரிக் அமிலம், பதினைந்து விநாடி. கழுவி உலர்த்தியதும் எனாமல் சுண்ணாம்பாய் வெளுத்தது. ஊசி இல்லை, பர் தொடவில்லை. முடிந்ததும் அவள் கண்ணாடி கேட்கவில்லை. இடைவெளி இருந்த இடத்தை நாக்கால் இரண்டு முறை தடவிப் பார்த்தாள்.

கத்தியும் ரத்தமும் இல்லாத இது எந்த அகராதியில் அறுவை? அழகுக்கான பாண்டிங்கைச் சட்டம் அறுவைக்குள் இழுத்தால் 18 சதவீதம். பக்கத்துத் தெருப் பார்லரில் ஃபேஷியலுக்கு 5. அதையாவது பொறுக்கலாம். அதே பெண்ணின் இரண்டு பல்லையும் பக்கவாட்டில் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர், முனையில் இரண்டு மில்லிமீட்டர் என்று சீவி கிரவுன் மாட்டியிருந்தால்? பில்லில் ‘கிரவுன்’ என்ற சொல்லை யாரும் சந்தேகிக்கப் போவதில்லை. பல்லைக் காப்பாற்றியவன் அழகு வியாபாரி, செதுக்கியவன் வைத்தியன். 1955-ல் புவானகோர் அமிலம் வைத்துக் காட்டிய வழி, நல்ல பல்லைச் சீவாமல் ஒட்டலாம் என்பது. எனாமல் திரும்ப வளராது என்று இந்தப் பக்கத்தில் எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது. இப்போது வரியும் பர் பக்கம் சாய்கிறது.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. விலக்குள்ள சேவை மட்டும் செய்பவருக்குப் பதிவு வேண்டாம். ஆனால் வரிக்குரிய வேலை ஒன்று நுழைந்தாலும், பல் பிடுங்கியது, ரூட் கெனால் எல்லாம் சேர்த்துத்தான் 20 லட்சம் கணக்கு. ஒரே ஒரு டயாஸ்டெமா, ரிட்டர்ன் மேல் ரிட்டர்ன்! விளக்கம் கேட்க ஜி.எஸ்.டி. அலுவலகத்துக்குப் போனேன். “உங்க ஆடிட்டரைக் கேளுங்க சார்” என்றது அந்த அலுவலகம். ஆடிட்டர் அலுவலகத்தைக் கேட்கச் சொல்கிறார். ஜி.எஸ்.டி. கவுன்சிலில் புதுச்சேரிக்கும் ஒரு நாற்காலி உண்டு; அதில் உட்காருபவர் காரைக்காலில் பல் டாக்டர்களும் இருக்கிறோம் என்பதை ஒருமுறையாவது நினைத்தாரா?

என் நிலைப்பாடு இது: நம் பாடநூலில் டயாஸ்டெமா இயல்புப் பிறழ்வு, அதை மூடுவது சிகிச்சை. காரணத்தையும் அளவையும் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள், முன்னும் பின்னும் படம் எடுத்து வையுங்கள். எழுத்தில் பதில் கேட்டு நம் சங்கக் கிளை மனு போடட்டும். வரைவு என்னிடம் இருக்கிறது, கையெழுத்துப் போட வாருங்கள்.