ஆண்டு விழாவை ஊருக்குத் திருப்பிக் கொடுங்கள்

நம் மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் இந்த ஆண்டு ஆண்டு விழா கிடையாது. பள்ளிதோறும் நடத்துவதற்குப் பதிலாக, மாவட்டத் தலைநகரில் ஒரு திருமண மண்டபத்தில் ஒரே நாளில் எல்லாப் பள்ளிகளுக்கும் சேர்த்து விழா நடத்திச் சாதனை மாணவர்களைப் பாராட்டப்போவதாகக் கல்வித் துறை அதிகாரிகள் அறிவித்திருக்கிறார்கள். பள்ளிக்கு இரண்டு மாணவர்கள், தலைமையாசிரியர், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் என நான்கு பேர் மட்டும் வரலாம். சுற்றறிக்கை வந்த நாளிலிருந்து ஆசிரியர்கள் எதிர்ப்புத் தெரிவித்துவருகிறார்கள். பெற்றோர்கள் மனுக் கொடுத்துவிட்டார்கள். முடிவெடுத்தவர்களிடமிருந்து ஒரு வரி பதில்கூட இல்லை. இந்த முடிவு தவறானது. இதைத் திரும்பப் பெற வேண்டும்.

சொல்லப்படும் காரணங்கள் மூன்று. செலவு மிச்சமாகும், விழா ஒழுங்காக நடக்கும், சாதித்த பிள்ளைகளுக்குப் பெரிய மேடை கிடைக்கும். முதல் இரண்டைப் பிறகு பார்ப்போம். மூன்றாவதுதான் நம்மைக் கோபப்படுத்துகிறது. ஏனென்றால் அந்தப் பெரிய மேடைக்கு எதிரே பிள்ளையைப் பெற்றவர்கள் உட்கார இடமே இல்லை.

கிராமத்து அரசுப் பள்ளியில் ஆண்டு விழா எப்படி நடக்கிறது என்பதை முடிவெடுத்தவர்கள் ஒருமுறையாவது கடைசிவரை இருந்து பார்த்திருக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்கு மைக் செட் அலறத் தொடங்கும். நூறு நாள் வேலைக்குப் போனவர்களும் களையெடுக்கப் போனவர்களும் வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு ஆறரை மணிக்குள் வந்து சேர்ந்துவிடுவார்கள். முன்வரிசையில் பாயில் குழந்தைகள். பின்னால் நாற்காலிகளில் பெரியவர்கள். மதில்மேல் முன்னாள் மாணவர்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை திருக்குறள் ஒப்பிக்கும்போது நடுவில் மறந்துவிட்டால், கூட்டத்திலிருந்து பத்துக் குரல்கள் அடுத்த சீரை எடுத்துக் கொடுக்கும். பரிசு எட்டு ரூபாய் பேனாவாகவோ எவர்சில்வர் டிபன் பாக்ஸாகவோ இருக்கும். ஆனால் அதை வாங்கும் பிள்ளையின் பெயர் ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்கும். மேடையேறாத பாட்டிக்கும் டீக்கடையில் இருக்கும் மாமனுக்கும் கேட்கும். மறுநாள் காலை அந்தப் பிள்ளை தெருவில் நடந்து போகும்போது நான்கு பேர் நிறுத்தி விசாரிப்பார்கள். அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய அங்கீகாரம் இதுதான்.

தலைநகரத்து மண்டபத்தில் இது எதுவும் நடக்காது. வேலைநாள் ஒன்றில் காலை பத்து மணிக்கு விழா. தாய்க்கு அழைப்பில்லை. அழைப்பு இருந்தாலும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பேருந்துக்கும் செலவழித்து அவரால் வர இயலாது. மகள் வாங்கிய கேடயத்தை அவர் வாட்ஸ்அப் குழுவில் வரும் படத்தில்தான் பார்க்க வேண்டும். அந்தப் படத்திலும் மேடையில் நிற்கும் பெரியவர்களுக்கு நடுவே மகளின் முகத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தன் பிள்ளை பாராட்டப்படுவதை நேரில் பார்க்கும் உரிமை ஒரு தாய்க்கு இல்லை என்று தீர்மானிக்க இவர்களுக்கு அதிகாரம் கொடுத்தது யார்?

தேர்வு முறையையும் பார்க்க வேண்டும். பள்ளிக்கு இரண்டு பேர் என்றால் எந்த இரண்டு பேர்? நடைமுறையில் அதிக மதிப்பெண் வாங்கிய இருவர்தான் போவார்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பொதுத் தேர்வுகளில் மாநில, மாவட்ட அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை 2017இல் தமிழ்நாடு அரசு நிறுத்தியது. ஒரு சிலரைத் தூக்கிக் காட்டி மற்ற லட்சக்கணக்கான பிள்ளைகளைச் சோர்வடையச் செய்ய வேண்டாம் என்பதுதான் அன்று சொன்ன காரணம். நாடே கவனித்த நல்ல முடிவு அது. அன்று வாசல் வழியாக அனுப்பியதை இன்று நம் மாவட்டத்தில் கொல்லைப்புறம் வழியாக அழைத்து வருகிறார்கள்.

மதிப்பெண்ணுக்கு வெளியே எத்தனை சாதனைகள் இருக்கின்றன! எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். தேர்வில் வெற்றிபெறும் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கிறது. கூலிக்குப் போகும் வீட்டில் அந்தப் பணம் ஒரு பெண் குழந்தையின் படிப்பை நிற்கவிடாமல் காக்கிறது. கிராமப்புறப் பிள்ளைகளுக்கான ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. 2022-23 முதல் நடக்கும் கலைத் திருவிழாவில் பறை அடிக்கும் பிள்ளைகள், களிமண்ணில் உருவம் செய்யும் பிள்ளைகள், வட்டார அளவில் தோற்றாலும் பள்ளியில் முதலாவதாக வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆண்டு முழுவதும் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத பிள்ளை இருக்கிறது. அப்பா இறந்த வாரத்திலும் தேர்வு எழுத வந்த பிள்ளை இருக்கிறது. இவர்களைத் தலைமையாசிரியருக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும். மண்டபத்தில் பட்டியல் வாசிப்பவருக்குத் தெரியாது.

விழா ஒரே ஊரில் என்றதும் கல்விச் சீரும் நின்றுபோகிறது. இதை நாம் லேசாகக் கடந்துபோக முடியாது. தமிழ்நாட்டின் பல கிராமங்களில் சில ஆண்டுகளாக ஊர்மக்கள் அரசுப் பள்ளிக்குச் சீர் கொண்டு போகிறார்கள். மேளதாளத்தோடு, தட்டுகளைத் தலையிலும் கையிலும் ஏந்தி, மாமன் வீட்டுச் சீர் போலவே ஊர்வலமாக வருகிறார்கள். தட்டுகளில் நோட்டுப் புத்தகம், சாக்பீஸ், பந்து, உலக உருண்டை. பின்னால் வண்டியில் பீரோ, மின்விசிறி, நாற்காலி, குடிநீர் அண்டா. பல ஊர்களில் இந்த ஊர்வலம் ஆண்டு விழா நாளில்தான் நடக்கிறது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவர் மின்விசிறிக்குப் பணம் அனுப்புகிறார். மகளிர் சுய உதவிக் குழு தண்ணீர்த் தொட்டிக்குக் குழாய் வாங்கித் தருகிறது. சொந்தமாக வீடுகூட இல்லாத ஒருவர் ஒரு டஜன் பென்சில் பெட்டிகளோடு வருகிறார். சீர் கொண்டு வந்த ஊர் அடுத்த ஆண்டு தன் பிள்ளையை அதே பள்ளியில் சேர்க்கிறது. மாணவர் எண்ணிக்கை குறைகிறது என்று கவலைப்படும் அதிகாரிகளுக்கு இதைவிட நல்ல சேர்க்கைப் பிரசாரம் ஏது? இந்த ஊர்வலத்தை அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மண்டபத்துக்கு நடத்திக்கொண்டு போக முடியுமா?

ஊர் பள்ளிக்குக் கொடுப்பது புதிய பழக்கமும் இல்லை. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறையை நடத்தியபோது, 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. கடிகாரம், மேசை, கரும்பலகை, கட்டடம், நிலம் என்று அவரவர் சக்திக்கு ஏற்றதை மக்கள் பள்ளிக்குக் கொடுத்தார்கள். முதலமைச்சரே போய் அதை ஏற்றுக்கொண்டார். பள்ளி மதிய உணவுகூட ஆரம்பத்தில் பல ஊர்களில் மக்கள் கொடுத்த அரிசியிலும் காசிலும்தான் நடந்தது; அரசின் நிதி பின்னால் வந்து சேர்ந்தது. வறுமை மிகுந்த அந்தக் காலத்தில் அரசாங்கம் ஊரைத் தேடிப் போயிற்று. இன்று ஊர் தானாகக் கையை நீட்டும்போது, வேண்டாம் என்று கதவைச் சாத்துகிறார்கள்.

சட்டமும் ஊரின் பக்கம்தான் நிற்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்கிறது. பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2022இலும் 2024இலும் இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். பெற்றோரை அழைத்து, கூட்டம் போட்டு, பள்ளி உங்களுடையது என்று உறுதி கொடுத்தார்கள். அந்தக் குழுவிடம் இந்த முடிவுக்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டார்களா? நம் மாவட்டத்தில் எந்தப் பள்ளியின் குழுவிலும் இதுபற்றித் தீர்மானம் நிறைவேறியதாகத் தெரியவில்லை. தலைவரை மட்டும் மண்டபத்துக்கு அழைத்து ஒரு சால்வை போடுவதால் கலந்துபேசியதாக ஆகிவிடாது.

இவர்கள் இப்படி நடந்துகொள்வது இது முதல் முறை அல்ல. விலையில்லா மிதிவண்டிகளை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிளஸ் ஒன் பிள்ளைகள் நான்கு கிலோமீட்டர், ஐந்து கிலோமீட்டர் நடந்து பள்ளிக்கு வந்துகொண்டிருந்த மாதங்களில், அவர்களுக்கான மிதிவண்டிகள் பள்ளி மைதானத்தில் மழையில் நனைந்துகொண்டிருந்தன. வழங்கும் விழாவுக்குத் தேதி கிடைக்கவில்லை என்பது ஒன்றே காரணம். கடைசியில் கொடுத்தபோது சங்கிலியில் துரு ஏறியிருந்தது. பல பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் வழியிலேயே சைக்கிள் கடையில் நிறுத்திக் காசு செலவழித்தார்கள். அப்போதும் இந்தப் பகுதியில் எழுதினோம். யாரும் பொறுப்பேற்கவில்லை.

மேலாண்மைக் குழுக் கூட்டங்களை நடத்திய அழகையும் சொல்லியாக வேண்டும். வெள்ளிக்கிழமை பிற்பகலில் கூட்டம். வேலைக்குப் போகிறவர்கள் வர முடியாத நேரம். மாலையில் வைக்கச் சொல்லிப் பெற்றோர் கேட்டார்கள், மாற்றவில்லை. வந்திருந்த இரண்டு, மூன்று தாய்மார்களிடம் ஏற்கெனவே எழுதிவைத்த தீர்மானத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, படம் எடுத்துச் செயலியில் ஏற்றச் சொன்னார்கள். கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை என்று கூட்டத்தில் சொன்ன பெண்ணுக்கு இன்றுவரை பதில் இல்லை. படம் ஏறாத பள்ளியின் தலைமையாசிரியருக்கு விளக்கம் கேட்டு மறுநாளே குறிப்பாணை போனது. படத்துக்கு இருந்த அவசரம் தண்ணீருக்கு இல்லை.

விழிப்புணர்வு நிகழ்ச்சி என்ற பெயரில் பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்திவைத்த அந்த ஜனவரி நாளை எந்தப் பெற்றோரால் மறக்க முடியும்? வர வேண்டியவர் வந்து சேரும்வரை, காலை எட்டு மணியிலிருந்து நடுப்பகல்வரை வெயிலில் நின்றார்கள். மயங்கி விழுந்த பிள்ளைகளை ஆசிரியர்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த நிகழ்ச்சியைத் திட்டமிட்ட அதே கைகள்தான் இப்போது நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே மண்டபத்துக்கு அழைக்கின்றன. அதிகாலையில் பேருந்து ஏறி வரும் ஏழாம் வகுப்புப் பெண் குழந்தைக்குச் சாப்பாடு யார் தருவார்கள், கழிப்பறை எங்கே, இரவு வீடு திரும்பும்போது துணை யார்? சுற்றறிக்கையில் இந்தக் கேள்விகளில் ஒன்றுக்கும் இடமில்லை. மேடையில் அமர்கிறவர்களின் வரிசை மட்டும் ஒரு பக்கத்துக்குத் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது.

இனி, ஒழுங்கு. சில பள்ளி மேடைகளில் வரம்பு மீறிய சினிமாப் பாட்டுகள் ஒலித்திருக்கின்றன, சாதி அடையாளங்கள் தலைகாட்டியிருக்கின்றன. மறுக்கவில்லை. அதற்காகக் கண்டிப்பு வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் 2024இல் தமிழகமே பேசிய சம்பவம் என்ன? சென்னையில் அரசுப் பள்ளி ஒன்றில் முற்பிறவிப் பாவம் பற்றிப் பிள்ளைகளிடம் பேசியவர் வெளியிலிருந்து வரவழைக்கப்பட்ட பேச்சாளர். அதே இடத்தில் எழுந்து எதிர்த்துக் கேட்டவர் அந்தப் பள்ளியின் ஆசிரியர். பள்ளியின் மானத்தைக் காப்பவர்கள் பள்ளிக்குள்ளேயே இருக்கிறார்கள். அவர்களை நம்பாமல் விழாவையே பறிப்பது நிர்வாகம் ஆகாது.

செலவு பற்றிய வாதம் இன்னும் பலவீனமானது. ஆண்டு விழாவுக்கு அரசு தரும் தொகை, ஐம்பது பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளிக்குச் சில ஆயிரம் ரூபாய். மீதியை ஊர்தான் போடுகிறது. பந்தல்காரர் பாதி வாடகை வாங்குகிறார். ஒலிபெருக்கிக்காரர் தன் பிள்ளை படிக்கும் பள்ளி என்று இலவசமாகவே கட்டுகிறார். இந்தச் சில ஆயிரங்களைத் திரட்டிக் குளிரூட்டப்பட்ட மண்டபத்துக்கும் பதாகைக்கும் வரவேற்பு வளைவுக்கும் விருந்தினர் சாப்பாட்டுக்கும் செலவிடுவதற்குச் சிக்கனம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளின் பணத்தில் பெரியவர்களுக்கு நடக்கும் விழா இது. இதைவிட மென்மையாகச் சொல்ல நமக்குத் தெரியவில்லை.

வழி இல்லாமல் இல்லை. பள்ளிகளோடும் பெற்றோரோடும் உட்கார்ந்து பேசினால் ஏற்றதொரு ஏற்பாடு கிடைக்கும். மாவட்ட விழா வேண்டுமென்றால் அதையும் நடத்தட்டும், யாரும் தடுக்கவில்லை. ஆனால் ஊர் விழாவின் தோள்மேல் ஏறி அதை நடத்தக் கூடாது. முடிவெடுக்கும் நாற்காலியில் இருப்பவர்கள் அறையைவிட்டு வெளியே வந்து ஊர்களின் குரலைக் கேட்க வேண்டும். கால அவகாசம் இன்னும் இருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். எங்கள் பள்ளியில் ஆண்டு விழா நடக்க வேண்டும் என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். குழுவில் நான்கில் மூன்று பங்கு நீங்கள்தான்.