வேலை விளம்பரத்துக்கு எதற்குப் பூட்டு?

வேலை தேடும் பட்டதாரிக்கு நவுக்ரியில் ஒரு கணக்கு, லிங்க்ட்இன்னில் ஒரு கணக்கு, இண்டீடில் ஒரு கணக்கு. மூன்றிலும் திரும்பத் திரும்ப அதே விளம்பரங்கள். கொஞ்சம் பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர்கள் இந்த அலைச்சலைக் குறைக்க 'ஜாப்ஸ்பை' என்ற இலவச லைப்ரரியைப் பயன்படுத்துகிறார்கள். தேடுசொல், ஊர், எத்தனை மணி நேரத்துக்குள் வெளியானது, எத்தனை விளம்பரம் வேண்டும் என்று நான்கைந்து விவரங்களைக் கொடுத்தால் போதும். பல தளங்களின் விளம்பரங்களும் ஒரே அட்டவணையாக வந்து விழும்.

அட்டவணையைப் பார்க்கும்போதுதான் விஷயம் பிடிபடும். ஒரே வேலையை நிறுவனம் ஒரு பெயரிலும் இரண்டு கன்சல்டன்சிகள் வேறு பெயர்களிலும் போட்டிருக்கும். சம்பளத்துக்கான கட்டம் வரிசை வரிசையாகக் காலியாகக் கிடக்கும். இண்டீட், வேலையின் தலைப்பில் மட்டுமல்ல, விவரக்குறிப்புக்குள்ளும் தேடும் என்பதால் 'ஜாவா' என்று கேட்டவருக்கு மார்க்கெட்டிங் வேலையும் வரலாம். சொற்றொடருக்கு மேற்கோள் குறியும், வேண்டாத சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறியும் போட்டால் கூட்டம் குறையும். தளத்தில் பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போகிறவர் கண்ணில் இந்த இரட்டிப்பும் வெற்றிடமும் இப்படி மொத்தமாகப் படுவதில்லை.

இந்த வழி எத்தனை நாள் திறந்திருக்கும் என்பது வேறு விஷயம். லிங்க்ட்இன்னில் ஒரே ஐபி முகவரியிலிருந்து பத்தாவது பக்கத்தை நெருங்கும்போதே தடை விழுந்துவிடுகிறது என்று லைப்ரரியை உருவாக்கியவர்களே எச்சரிக்கிறார்கள். தளத்தின் வடிவம் மாறினால் நிரல் படுத்துக்கொள்ளும்.

சட்டமும் தெளிவாக இல்லை. பொதுவில் தெரியும் உறுப்பினர் விவரங்களைத் திரட்டிய 'ஹைக்யூ' நிறுவனத்துக்கும் லிங்க்ட்இன்னுக்கும் அமெரிக்காவில் 2017 முதல் வழக்கு நடந்தது. அனைவரும் பார்க்கக்கூடிய தரவை எடுப்பது கணினிக் குற்றச் சட்டத்தை மீறியதாகத் தெரியவில்லை என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம், 2022 ஏப்ரலில். அதே ஆண்டு நவம்பரில், தளத்தின் பயனர் ஒப்பந்தத்தை ஹைக்யூ மீறியது என்றது கீழ் நீதிமன்றம். கடைசியில் 5 லட்சம் டாலர் தீர்ப்பை ஏற்றுச் சமரசமானது ஹைக்யூ. இந்தியாவிலோ 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 43-ஆவது பிரிவில், கணினி உரிமையாளரின் அனுமதியின்றித் தரவை எடுப்பதையே இழப்பீட்டுக்குரிய செயலாக வைத்திருக்கிறது.

இந்தத் தளங்கள் பிறந்த கதையையும் சொல்ல வேண்டும். 1997-இல் நவுக்ரி தொடங்கியபோது அதன் முதல் சரக்கு, நாளிதழ்களில் வந்த வேலை விளம்பரங்களிலிருந்து தொகுத்தது. 2004-இல் வந்த இண்டீட், நிறுவனங்களின் பக்கங்களிலும் மற்ற தளங்களிலும் இருந்த விளம்பரங்களை நிரல் மூலம் திரட்டித்தான் வளர்ந்தது. ஊரார் விளம்பரத்தை ஒன்றுசேர்ப்பது அன்றைக்குப் புதுமை. வேலை தேடுகிறவரே அதைச் செய்தால் இன்றைக்கு விதிமீறல்!

தளங்களின் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். கட்டுப்பாடில்லாமல் நிரல்கள் மோதினால் சர்வர் திணறும். தேடித்தருவதோடு நிற்காமல், நூற்றுக்கணக்கான இடங்களுக்குத் தானே விண்ணப்பமும் அனுப்பும் கருவிகள் பெருகிவிட்டன. அவற்றைத் தடுப்பது சரிதான். தனிமனிதர்களின் விவரங்களை அள்ளுவதும் கூடாது. ஆனால், 'ஆள் தேவை' என்ற அறிவிப்பு அந்தரங்கமல்ல. எத்தனை பேர் கண்ணில் பட முடியுமோ அத்தனை பேர் கண்ணில் படட்டும் என்றுதானே நிறுவனம் அதை வெளியிடுகிறது?

அதனால் தனியார் தளங்களின் பூட்டை உடைப்பதைவிட அரசின் கதவைத் திறப்பது நல்லது. ஸ்வீடனின் பொது வேலைவாய்ப்பு நிறுவனம் தன்னிடம் வரும் விளம்பரங்களை, எந்த நிரலும் கேட்டுப் பெறும் வகையில், திறந்த ஏபிஐ-யாக வைத்திருக்கிறது. பழைய விளம்பரங்களின் தொகுப்பையும் தருகிறது. அமெரிக்க மத்திய அரசின் 'யுஎஸ்ஏ ஜாப்ஸ்' தளத்துக்கும் அதிகாரபூர்வ ஏபிஐ உண்டு.

வேலை விவரங்களை அரசு திரட்டுவது நமக்கும் புதிதல்ல. காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1959-லேயே சட்டம் போட்டோம்; 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களையும் அது விட்டுவைக்கவில்லை. 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அந்தக் கடமையைத் தொடர்கிறது. 2015-இல் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளமும் வந்துவிட்டது. அங்கே பதிவாகும் ஒவ்வொரு இடத்துக்கும் வெளியிட்ட தேதி, கடைசித் தேதி, மாவட்டம், சம்பள வரம்பு, ஆள் எடுப்பது நிறுவனமா கன்சல்டன்சியா என்ற விவரங்களைக் கட்டாயமாக்கி, யார் எழுதும் நிரலும் படிக்கும் வடிவில் திறந்துவிட வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கு இது புது வேலையும் அல்ல. கூகுள் 2017-இல் வேலைத் தேடலைத் தொடங்கியதிலிருந்து, அதில் இடம்பெறுவதற்காகத் தங்கள் பக்கங்களில் இதே மாதிரி விவரங்களை இயந்திரம் படிக்கும்படி பல நிறுவனங்கள் எழுதிவைக்கின்றன. கூகுளுக்குக் கொடுப்பதை அரசுத் தளத்துக்கும் கொடுக்கச் சொன்னால், கூடுதல் செலவு என்று அவர்கள் பெரிதாக ஒன்றும் சொல்ல முடியாது.